ஐந்தாம் மாத ஊசி

மிஸ்ஸி என் மகனை அவிழ்த்துக்கொண்டே இருந்தார். தொப்பி, கம்பளிச் சட்டை, காலுறை, அதற்குள் ஒரு துணிச்சுற்று, அதற்கும் உள்ளே இன்னொரு சட்டை. “ஐயோ, என்னங்க இது? நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் மாதிரி கட்டிக் கொண்டாந்திருக்கீங்க! பிள்ள வேகுது லா!” என்றார். கிளினிக் தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

கட்டியது நான்தான். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பியபோது பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. முந்தின நாள் ஐந்தாம் மாதத் தடுப்பூசி போட்ட தொடை சிவந்து தடித்திருந்தது. இதற்கு முன் போட்ட ஊசிகளுக்கு இப்படி ஒன்றும் ஆகவில்லை. பயம் வந்தால் அது எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். “நல்லா இருந்த பிள்ளைய ஏன் கொண்டுபோய்க் குத்த விட்ட? இனிமே ஒரு ஊசியும் கிடையாது!” என்று மனைவிமேல் பாய்ந்தேன். நான் வேலையில் இருந்த நேரமெல்லாம் தன்னந்தனியாகப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் அவள். காற்றுப் பட்டால் காய்ச்சல் ஏறும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. மின்விசிறியை நிறுத்தி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுற்றி, காரில் ஏற்றினேன்.

டாக்டர் சோதித்துப் பார்த்து மருந்து கொடுத்தார். மிஸ்ஸி பொறுமையாக விளக்கினார். “சில பிள்ளைங்களுக்கு ஊசி போட்டா காய்ச்சல் வரும், தொடை வீங்கும். ரெண்டு நாள்ல சரியாயிடும். மெல்லிசா ஒரு சட்டை போதும். பால் குடுத்துக்கிட்டே இருங்க. மருந்து எடைக்குத் தகுந்த அளவுதான். காய்ச்சல் விடலன்னாலோ, பிள்ள துவண்டு போனாலோ, வலிப்பு வந்தாலோ உடனே தூக்கிட்டு ஓடியாங்க.”

வெற்றுடம்போடு தாய் மடியில் கிடந்தவன் கொஞ்ச நேரத்தில் பால் குடித்தான். பிறகு மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

கிளம்பும்போது மிஸ்ஸி ஊசிப் புத்தகத்தை என் மனைவியிடம் நீட்டினார். நான் முந்திக்கொண்டு கைநீட்டி வாங்கி, “அடுத்த ஊசி எப்போ மிஸ்ஸி?” என்று கேட்டேன்.

காலையிலிருந்து வாய் திறக்காதவள் அப்போதுதான் பேசினாள். “அன்னைக்கு லீவு போட்டு நீங்களே தூக்கிட்டு வாங்க.”

லீவு போட்டேன். அந்தப் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போகிறான். அன்று அவனுக்கு ஊசி ஏறியபோது அலறியது நான்தானாம். இன்றைக்கும் பார்ப்பவர்களிடமெல்லாம் என் மனைவி சொல்லிச் சிரிக்கிறாள்.