மீன் பிடிக்காத போட்டு

இங்கிலாந்துக்காரர்கள் மறுபேச்சில்லாமல் குனிந்து காலணியைக் கழற்றி நான் பார்த்த ஒரே இடம் படகுக் கண்காட்சிதான். மழையில் நனைந்த பூட்ஸோடு படுக்கையறை வரை நடக்கிறவர்கள், ரயிலில் எதிர் இருக்கையில் காலை நீட்டுகிறவர்கள், புதுப் பாய்மரப் படகு ஒன்றை ஏறிப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் பணிவாகக் கழற்றிக் கூடையில் போட்டுவிடுகிறார்கள். தளத்துத் தேக்கு கீறிவிடக் கூடாதாம். நான் குடியிருக்கும் தென்கரைத் துறைமுகத்தில் வருடா வருடம் இந்தக் கண்காட்சி நடக்கும். மிதக்கும் நடைபாதையின் இருபக்கமும் படகுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கூடை. பெரிய பெரிய பணக்காரர்கள் கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் கிழிந்த சாக்ஸோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோயில் ஞாபகம் வந்து, கை தானாகக் கன்னத்துக்குப் போகும்.

போன வருடம் என் மனைவி கலைச்செல்வியும் கூட வந்தாள். வந்தாள் என்றால் கூடை வரைக்கும். "நீங்க ஏறிப் பாத்துட்டு வாங்க. நான் செருப்பப் பாத்துக்கிறேன்" என்று கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். விற்பனையாளர் கிரஹாம், ஐம்பது வயதுச் சிவந்த முகக்காரர், மிகுந்த அக்கறையோடு இறங்கிவந்து, இங்கே யாரும் செருப்புத் திருடமாட்டார்கள், தைரியமாக ஏறலாம் என்றார். "தெரியும்" என்று சிரித்துவிட்டு அவள் அசையாமல் நின்றாள். இந்தியர்கள் யாரையும் நம்பமாட்டார்கள் என்று அவர் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்திருப்பார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும், ஆறு வருடமாக.

நான் அன்னவாசல்காரன். கோடையில் எங்கள் ஊர்க் குளத்துக்குள் இறங்கினால் காலில் புழுதிதான் ஒட்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன், கூட வேலை பார்க்கிற ஒருவர் ஒரு சனிக்கிழமை இழுத்துக்கொண்டு போனதில் பாய்மரப் படகில் மயங்கி, அதற்கு ஆறு வருடம் முன்னால் இருபத்து நாலடிப் பழைய படகு ஒன்றை வாங்கிப் போட்டேன். கலாவோ மீமிசலில் மீனவர் வீட்டுப் பெண். புதுக்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போது பழகி, இரண்டு வீட்டிலும் மல்லுக்கட்டிக் கல்யாணம் செய்துகொண்டோம். கடலே இல்லாத ஊர்க்காரன் கடலுக்குப் போகிறான், கடலோரத்துக்காரி கரையில் நிற்கிறாள். ஞாயிறு சாயங்காலம் நான் வீடு திரும்பினால் முதல் கேள்வி இதுதான்: "கடலுக்குப் போயி ஒரு மத்தி கூட இல்லாம வெறுங்கையோட வாரீங்களே, வெக்கமா இல்ல?"

அவள் ஏறாததற்குக் காரணம் பயமில்லை. அவர்கள் வீட்டில் பெண்கள் போட்டில் கால் வைக்கக் கூடாது. எட்டு வயதில் ஒருநாள், கரையேற்றி வைத்திருந்த அப்பாவின் நாட்டுப்படகுக்குள் பந்து விழுந்து, இவள் ஏறி எடுத்திருக்கிறாள். மாமா அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவுமில்லை. படகு முழுக்க மஞ்சள்தண்ணீர் தெளித்துக் கழுவினார், அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. இரவு எல்லோரும் வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார்கள். இவள் இப்போது ஒரு மருத்துவமனை ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர். பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை என்று நடுங்கும் வெள்ளைக்காரச் சகாக்களைக் கேலி செய்கிறவள். ஆனால் என் படகின் விளிம்புக்கு வந்தால் கால் எழும்பாது. அந்த ரசச் சோறு இன்னும் தொண்டையில் நிற்கிறது என்பாள்.

மகள் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டுக்கடன் தீர்ந்தது, பழைய படகில் முதுகை நிமிர்த்த முடியவில்லை, அதனால் பெரியது வாங்குகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. பழையது பார்க்க மாமாவின் படகு மாதிரியே இருந்தது. கொஞ்சம் பெரிதாக, அடுப்பும் கட்டிலும் கதவும் ஜன்னலுமாக இருந்தால் அவளுக்குக் கால் எழும்புமோ என்ற நப்பாசை எனக்கு. இத்தனை வருடம் தனியாக அந்தி வெயிலில் பாயை இறக்கும்போதெல்லாம் பக்கத்தில் அவள் இல்லையே என்று நான் ஏங்கியிருக்கிறேன். இதை அவளிடம் சொன்னதில்லை.

மற்றதையெல்லாம் கழித்துக்கட்டி, முப்பத்தாறடி, முப்பத்தேழடி வாக்கில் மூன்று படகுகளை எடுத்து வைத்திருந்தேன். பிரெஞ்சுப் படகு கல்யாண மண்டபம் போல அகலம். எட்டுப் பேர் பந்தி உட்காரலாம், காற்று எதிர்த்தால் நகராது. ஸ்வீடன் படகு கனமும் கம்பீரமுமாக, உள்ளே அத்தனையும் மரவேலை. விலையைக் கேட்டதும் கூடையிலிருந்த செருப்பை மாட்டிக்கொண்டேன். மூன்றாவது ஜெர்மன் படகு, கிரஹாம் விற்பது. கைக்கு அடக்கமான விலை, கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பவுண்டு. ஆனால் பட்டியலைத் திருப்பினால் பின்பக்கம் இன்னொரு பட்டியல். தளத்துத் தேக்கு தனி. அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத பூச்சு தனி. நங்கூரம் தனி. நங்கூரமில்லாமல் எப்படி ஐயா படகு விற்பீர்கள் என்றால், சிலருக்கு அவரவர் விருப்பப்படி நங்கூரம் வாங்கப் பிடிக்கும் என்கிறார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா என்று நானும் சமாதானம் செய்துகொண்டேன். பார்த்த நிமிடத்திலேயே அந்தப் படகு எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

பிடித்துப்போனதுதான் வினையாயிற்று. என் அப்பா சந்தைக்குச் சந்தை போகும் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். அவர் வேதத்தில் ஒரே ஒரு விதி: பிடித்த மாட்டைத் திட்டு, ரொம்பப் பிடித்தால் ரொம்பத் திட்டு. பல்லு சரியில்லை, சுழி சரியில்லை, கொம்பு கோணல் என்று தரகர் அடுக்க அடுக்க, விற்கிறவன் மனசுக்குள் சிரித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவருவான். நானும் ஆரம்பித்தேன். சுக்கான் சின்னது. பாய்மரம் மெலிசு. கக்கூஸ் கதவு முழங்காலில் இடிக்கிறது. அடுப்பில் குக்கர் நிற்காது. படுக்கையில் திரும்பிப் படுக்கக் கூட்டணி அரசு அமைக்க வேண்டும். அரை மணி நேரம் அப்பாவே என் நாக்கில் வந்து உட்கார்ந்து பேசினார். கிரஹாம் இறங்கிவரவில்லை. ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "நீங்கள் மனம் திறந்து பேசியதற்கு நன்றி. இவ்வளவு குறை தெரிகிற உங்களுக்கு இந்தப் படகை விற்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை" என்றார். வசந்தத்துக்குள் கட்டித்தர இன்னும் ஒரே ஒரு படகுக்குத்தான் இடம் இருக்கிறதாம். அதைக் கீழே காத்திருக்கும் தம்பதிக்குக் கொடுத்துவிடப்போகிறாராம். திட்டினால் நம்பிவிடுகிற ஆளை அப்பா தன் வாழ்நாளில் சந்தித்ததில்லை.

"கிரஹாம், கொஞ்சம் நில்லுங்கள்." கலாவின் குரல், எனக்கு ரொம்பப் பக்கத்தில் கேட்டது.

"மன்னித்துக்கொள்ளுங்கள். இவர் சொன்னது அத்தனையும் பொய்" என்று அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "இவருக்கு இந்தப் படகு ரொம்பப் பிடித்துவிட்டது."

"பிடித்திருந்தால் ஏன் இப்படித் திட்டினார்?"

"எங்கள் ஊரில் பிடிக்காததை யாரும் திட்டமாட்டார்கள், பேசாமல் தாண்டிப் போய்விடுவார்கள். இவருடைய அப்பா என்னைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு, காபியில் ஆரம்பித்துக் கூரை வரைக்கும் குறை சொன்னார். சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று என் அப்பா உடனே வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொல்லிவிட்டார்."

கிரஹாம் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கலா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "நானும் கீழ நின்னு சும்மா செருப்ப மட்டும் பாக்கல. வெளிப்பக்கத்தத் தட்டிப் பாத்தேன், மூக்கையும் பாத்தேன். தண்ணிய ஒதைக்காது, அறுத்துக்கிட்டுப் போகும். இதையே வாங்குங்க." அப்போதுதான் நான் அவள் காலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். வெறுங்கால் இரண்டும் தேக்குத் தளத்தில் இருந்தன. அவள் முகம் வெளிறியது. எனக்கு விலையும் நங்கூரமும் மறந்துபோயின. இவள் இப்போது இறங்கினால் இனி ஒருநாளும் ஏறமாட்டாள் என்று மட்டும் தோன்றியது.

"அப்பாவுக்குப் போனப் போடுங்க" என்றாள்.

மீமிசலில் சாயங்கால நேரம். மாமா திரையில் வந்தார். "அப்பா, நான் ஒரு போட்டுல ஏறிட்டேன்."

"யாரு போட்டு?"

"இன்னும் யாரு போட்டும் இல்ல. இவங்க வாங்கப்போறாங்க."

"எம்புட்டு?"

ரூபாயில் சொன்னேன். "ரெண்டு கோடிக்கு மேலயா? அதுக்கு இங்கிட்டு நிக்கிற அம்புட்டுப் போட்டையும் வாங்கி டீசலும் ஊத்திட்டு, மிச்சத்துல கும்பாபிஷேகம் பண்ணலாமே மாப்ள" என்றார். பிறகு மகளிடம் விசாரணை. "வலை இருக்கா?"

"இல்லப்பா."

"ஐஸ் பெட்டி?"

"சின்னதா ஒரு பிரிட்ஜ் இருக்கு. அதுவும் பீரு வைக்கிறதுக்கு. அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் இருக்குப்பா."

மாமா யோசித்தார். உச்சநீதிமன்றத்தில் கூட நான் அவ்வளவு பயந்து தீர்ப்புக்குக் காத்திருக்கமாட்டேன். "மீன் பிடிக்காததுக்குப் பேரு போட்டா? அது வீடு ஆத்தா. ஒன் வீட்டுல நீ ஏறுறதுக்கு என்ட்ட என்னத்தக் கேக்குற?"

கலா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. "அப்ப ஊருக்கு வந்தா நம்ம போட்டுலயும் ஏறவாப்பா?"

"அது மீன் பிடிக்கிற போட்டு ஆத்தா" என்றார் மாமா, ரொம்ப மெதுவாக. அவர் குரலில் கோபமில்லை.

தரகர் மகன் அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது, அவள் உண்மையைச் சொன்னதில் நடந்தது. கிரஹாம் நங்கூரத்தைச் சும்மாவே கொடுத்தார், எங்கள் பழைய படகையும் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். படிவத்தை நிரப்பும்போது, படகின் பின்பக்கம் எழுதுவதற்குப் பெயர் என்ன என்று கேட்டார். நான் யோசிக்காமல் "கலைச்செல்வி" என்றேன்.

"வேணாங்க. அந்தப் பேருல ஏற்கனவே ஒரு போட்டு இருக்கு" என்றாள்.

அதை நான் மறந்தே போயிருந்தேன். இவள் பிறந்த வருடம் மாமா வாங்கிய படகுக்கு மகள் பெயரை வைத்தார். அது பழசாகி அடுத்தது வாங்கினார், அதற்கும் அதே பெயர். இப்போது ஓடுவது மூன்றாவது கலைச்செல்வி. வெள்ளைப் பலகையில் நீல எழுத்து, பக்கத்தில் ஒரு சூரியகாந்திப் பூ. நான்கு குடும்பங்கள் அதை நம்பித்தான் சாப்பிடுகின்றன. அவள் பெயர் எழுதிய அந்தப் படகில் ஊரில் பாதிப் பேர் ஏறியிருக்கிறார்கள், அவள் ஏறியதில்லை.

வசந்தத்தில் எங்கள் படகு வரும். வாராவாரம் ஒரு பெயர் சொல்லிப் பார்க்கிறேன், அவள் தலையை ஆட்டிவிடுகிறாள், படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. தினமும் காலையில் அடுப்பில் டீ கொதிக்கும்போது அவள் ஊருக்குப் போன் போடுவாள். இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், இப்போதுதான் காதில் விழுகிறது. ஐயாயிரம் மைலுக்கு இங்கிட்டு நின்றுகொண்டு அவள் தன் அப்பாவிடம் முதலில் கேட்பது இதைத்தான்:

"கலைச்செல்வி கரைக்கு வந்துருச்சாப்பா?"