கேட்டுக்காரர் வீட்டுக் குழாய்

கேட்டுக்காரர் என்று சொன்னால் அந்தத் தெருவில் யாரானாலும் வீட்டைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கேயாவது கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கே ஞாபகம் வரும். துணி மில் வாசலில் நின்று, வேலை முடிந்து போகிறவர்கள் பையைத் தடவிப் பார்த்து அனுப்புவதே அவர் வாழ்நாள் வேலை. சாப்பாட்டு டப்பாவுக்குள் நூல்கண்டு கொண்டு போனவனைப் பிடித்திருக்கிறார். காலையில் ஒல்லியாக வந்து, சட்டைக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் குண்டாகப் போனவனையும் பிடித்திருக்கிறார். அதற்குப் பிறகு குண்டாக இருக்கிற யாரைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு யோசனை.

பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது மில்லில் சட்டம். ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் அந்தச் சட்டத்தை அவர் விடவில்லை. வெளியே கிளம்பும் முன் வாசல் கதவு, பின்கதவு, அலமாரி, காஸ், குழாய் என்று ஒரு சுற்று. எல்லாவற்றுக்கும் மூன்று தரம். கடைத்தெருவுக்குப் போவதாக இருந்தாலும் ஊருக்கே போவது போல ஆகிவிடும். மனைவி முன்னாடியே செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றுகொள்வாள்.

இந்தக் குணத்தால் கைவிட்டுப் போனதும் உண்டு. கூடப்பிறந்தது ஒரே தங்கை. அவளைக் கட்டியவர் வேற்று ஆள் இல்லை, கேட்டுக்காரர் மனைவிக்குப் பெரியம்மா மகன். ஆக இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர். ஒரு மழை நாளில் அவர்கள் வந்துவிட்டுப் போன கையோடு புதுக் குடையைக் காணோம். கேட்டுக்காரர் நனைந்துகொண்டே தெருமுனை வரை ஓடி, "பையக் கொஞ்சம் திறங்க மச்சான்" என்று கேட்டுவிட்டார். பையில் தங்கையின் மாற்றுப்புடவைதான் இருந்தது. வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது அதற்குப் பின்னாலிருந்து குடை விழுந்தது. போய்ச் சொல்லுங்கள் என்று மனைவி எவ்வளவோ சொன்னாள். அவர் போகவில்லை. தங்கையும் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே மகள். மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். கடை பக்கத்துத் தெருவிலேயே இருந்ததால், தனியாக எதற்கு வாடகை என்று மாமியார்தான் இருவரையும் கைக்குழந்தையோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். பேத்தி நடக்கப் பழகியது இந்த வீட்டில்தான். மத்தியானம் தாத்தா நெஞ்சில் படுத்துத்தான் தூங்கும். அந்த நேரத்தில் கேட்டுக்காரர் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்.

வந்த புதிதில் மாப்பிள்ளை சமையலறையில் பழைய குழாயை எடுத்துவிட்டு மிக்சர் குழாய் மாட்டினார். ஒரே கைப்பிடி. தூக்கினால் தண்ணீர், இடது பக்கம் சுடுதண்ணீர், வலது பக்கம் பச்சைத்தண்ணீர், கீழே இறக்கினால் நின்றுவிடும். திருகுவதற்கு ஒன்றுமே இல்லையே, நின்றுவிட்டது என்று எப்படி நம்புவது என்று அன்றைக்கே கேட்டுக்காரருக்கு மனசுக்குள் ஒரு முள்.

நாலைந்து மாதத்தில் சொட்ட ஆரம்பித்தது. மாப்பிள்ளையே புது காட்ரிட்ஜ் வாங்கிவந்தார். கைப்பிடிக்கு அடியில் உட்கார்ந்து தண்ணீரைத் திறந்து மூடுகிற உருளைதான் காட்ரிட்ஜ், எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். அவர் அதை மாற்றும்போது கேட்டுக்காரர் நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்தார். மாப்பிள்ளை முதல் வேலையாக சிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்தார். எதை மறைக்க அடைக்கிறார்? கழற்றிய பழசைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பழசு எதற்குப் பைக்குள் போகிறது?

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் சொட்டியது.

சாப்பிடும்போது கேட்டுக்காரர் யாரையும் பார்க்காமல் பேசினார். "புதுசு மாட்டினா இப்படிச் சொட்டுமா? பழசையே கழுவித் துடைச்சு மாட்டினாலும் பாக்கிறவனுக்குப் புதுசாத்தான் தெரியும்."

மாப்பிள்ளை வாயில் வைத்ததை விழுங்கினார், எழுந்துபோய்க் கையைக் கழுவினார். மகள் கழுவவில்லை. காய்ந்த கையோடு உட்கார்ந்து அப்பாவையே பார்த்தாள்.

"அப்பா, அத்தை வீட்டுக்காரர் பையத் திறந்த மாதிரி இவர் பையையும் திறக்கப் போறீங்களா? வேணாம். வேற வீடு பாத்திருக்கோம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய்ப் பேசி முடிச்சிட்டு வந்துடுறோம்."

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னொரு குடை" என்று மட்டும் சொன்னாள்.

கேட்டுக்காரர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே இறக்கிவிட்டார். வாய் மட்டும் இறங்கி வரவில்லை. "ஞாயித்துக்கிழமை காலையில நானே கழட்டிப் பாக்கிறேன். உள்ள புதுசு இருந்தா நான் வாயத் திறக்கல, போதுமா?"

ஞாயிறு காலை சிங்குக்கு அடியில் குனிந்து இரண்டு வால்வையும் மூடினார். சிவப்பும் நீலமுமாக இருந்த பொத்தானைக் கத்தி நுனியால் நெம்பினார். அதற்குள்ளிருந்த குட்டித் திருகாணியை எல் மாதிரி வளைந்த சாவியால் கழற்றினார். கழன்ற திருகாணி அவர் விரலில் நிற்காமல் நேராக சிங்க் ஓட்டைக்குள் போய்விட்டது.

"இதுக்குத்தான் மாப்பிள்ளை துணி வச்சு அடைச்சாரு" என்றாள் மனைவி. வாளியை வைத்து, சிங்குக்கு அடியில் அழுக்குத் தங்குகிற கிண்ணத்தைக் கழற்றி, அழுக்குத் தண்ணீருக்குள் கைவிட்டுத் திருகாணியை எடுத்துக் கொடுத்தாள். "பாவம், உங்களுக்குப் பயந்து ஒளிஞ்சிட்டிருந்துச்சு."

பெரிய நட்டை ஸ்பானர் போட்டுத் திருப்பி உருளையை வெளியே எடுத்தார். பளபளவென்று இருந்தது. ஆனால் கைப்பிடி மாட்டுகிற காம்பு மட்டும் ஆடுகிற பல் மாதிரி ஆடியது. துணியில் சுற்றிக்கொண்டு குழாய்க் கடைக்கு நடந்தார்.

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் உங்க மாப்பிள்ளைக்குக் குடுத்ததுதான். போன தடவை பழசைக் கொண்டு வந்து, இதே அளவுல வேணும்னு பக்கத்துல வச்சுப் பாத்து வாங்கிட்டுப் போனாரு. இது தேஞ்சு போனதில்ல, ஐயா. மூடின பிறகும் யாரோ மேல மேல அமுக்குறாங்க. எவ்வளவு அமுக்கினாலும் இது அதுக்கு மேல மூடாது, உடையத்தான் செய்யும்."

மாப்பிள்ளை பக்கம் குற்றமில்லை என்று ஆகிவிட்டது. அத்தோடு வேறு மனுஷனாக இருந்தால் வீட்டுக்கு வந்து மகளைக் கையைப் பிடித்து உட்காரவைத்திருப்பான். கேட்டுக்காரருக்கோ வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி. அமுக்குகிறது யார்?

இன்னொரு உருளையை வாங்கிவந்து மாட்டினார். இந்தத் தடவை ஓட்டையைத் துணியால் அடைத்துக்கொண்டார், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து. சொட்டு நின்றது. உடனே ஒரு முக்காலியைச் சமையலறை மூலையில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"என்னங்க, ஷிப்ட் ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மனைவி.

"நீ உன் வேலையப் பாரு. யார் கைன்னு இன்னைக்குத் தெரிஞ்சுடும்."

மனைவி பாத்திரம் கழுவினாள். விரல் நுனியால் கைப்பிடியை இறக்கினாள். நாலு நாளாகப் பேசாத மகள் உள்ளே வந்து பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டு, அப்பாவையும் ஒரு நாற்காலி மேஜையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனாள். அவளும் மெதுவாகத்தான் மூடினாள். மாப்பிள்ளை குடிக்கத் தண்ணீர் பிடித்தார். கண்ணாடி தொட்டுப் பழகிய கை, குழாய்க்கே தெரியாமல் மூடிவிட்டது. கேட்டுக்காரருக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போனது. பார்க்கிறார் என்று தெரிந்து மூன்று பேரும் ஒழுங்காக நடிக்கிறார்களோ? மில்லிலும் அப்படித்தான், அதிகாரி நிற்கும் நாளில் எல்லார் பையும் காலியாகவே இருக்கும்.

சாயங்காலம் ஆயிற்று. கூடத்தில் மகள் குழந்தையின் துணிப்பையை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை செருப்பை மாட்டிவிட்டார். கிளம்பும் முன் குழந்தைக்கு முகம் கழுவிவிட மாமியார் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். தண்ணீரைத் திறந்து முகத்தைத் துடைத்துவிட்டாள். மூடப் போகும்போது, "நானு, நானு" என்று குழந்தை கையை நீட்டியது. அவள் விட்டாள்.

குழந்தை கைப்பிடியை இறக்கியது. தண்ணீர் நின்றது. பிறகு, முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் அதன் தலையில் டப், டப், டப் என்று மூன்று அமுக்கு அமுக்கியது.

கேட்டுக்காரர் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "பாத்தியா! பிள்ளைக்குப் பழக்கிக் குடுத்திருக்காங்க!" சத்தம் கேட்டு மகளும் மாப்பிள்ளையும் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் பேத்தி எதிரே குனிந்து, மில் வாசலில் கேட்கிற அதே குரலில் கேட்டார். "இங்க பாரு கண்ணு. இப்படி அமுக்கச் சொல்லிக் குடுத்தது யாரு? பயப்படாம கை காட்டு."

குழந்தை ஒரு முறை எல்லாரையும் பார்த்தது. பிறகு ஈரக் கையை நீட்டித் தாத்தாவின் மூக்கைத் தொட்டது.

கேட்டுக்காரர் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார், எவனோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போல. குனிந்த இடுப்பை நிமிர்த்த மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, அந்தச் செருப்பக் கழட்டுங்க."

"ஏன் மாமா, அதையும் சோதனை போடணுமா?"

மகளுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"செருப்பப் போடாதீங்கன்னு சொல்ல எனக்கு வாயில்ல. கடைக்காரன் காலையிலேயே சொல்லிட்டான், நீங்க வாங்கினது புதுசுதான்னு. அதை வந்து சொல்லாம ஆளைப் பிடிக்க உக்காந்திருந்தேன். பிடிச்சாச்சு, நான்தான்." அவர் மகளைப் பார்க்காமல் அவள் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்துப் பேசினார். "இனிமே வெளிய கிளம்பும்போது வீட்டை மூடுற வேலை உங்களோடது, மாப்பிள்ளை. நான் கை வைக்கல. வீடு பாக்கப் போகணும்னா போங்க. போகாம இருந்தா..."

மாப்பிள்ளை மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பிறகு, "வீட்டுக்காரங்க காத்திட்டிருப்பாங்க, இன்னைக்கு வரலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பையை உள்ளே கொண்டுபோனாள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார்.

"கையோட அந்தக் குடைய எடுத்துக்கிட்டு உங்க தங்கச்சி வீட்டுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்தா என்ன?" என்றாள் மனைவி.

"ஒரே நாள்ல என் பைய எத்தனை தரம் திறப்ப? நாளைக்குப் பாப்போம்."

சொல்லிக்கொண்டே அவர் குழாயைத் தாண்டிப் போனார். வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு, வாசல் வரை அப்படியே நடந்தார்.