பத்தொன்பதாவது ஆள்

க்ளாரி ஹெனகன் டாராபின் ஊருக்கு வந்து இறங்கியபோது ஊர் அணி ஆட்டக்காரன் ஆங்கஸ் டால்மிக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. மெல்போர்னில் ஆறு வருடம் பெரிய அணிக்கு, கையாலும் பந்தைப் பிடிக்கும் ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடியவர், இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றவர், வலது முட்டி கெட்டதும் கழற்றிவிடப்பட்டவர். அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். வெண்ணெய் ஆலையில் வண்டியோட்டும் வேலையைக் கொடுத்து, ஊர் அணிக்குத் தலைவனும் பயிற்சியாளனும் அவரே என்று ஆலை முதலாளி அறிவித்துவிட்டார்.

"நொண்டிக் குதிரைக்கு எவன் புல்லு போடுவான்? நம்ம முதலாளி போடுவாரு" என்று பால் கேன்கள் இறக்கும் இடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது டால்மிதான்.

க்ளாரி குறைவாகவே பேசுபவர். பதின்மூன்று வயதில் பூட்ஸ் தொழிற்சாலைக்கு ஆணியடிக்கப் போனவர். படிப்பு அதோடு சரி. ஆனால் அந்த வாரமே வியாழக்கிழமை, ஆலையின் ஏற்றுமேடையில் அணியின் பதினெட்டுப் பேருக்கும் பதினெட்டு வெண்ணெய்ப் பெட்டிகளை மைதானம் மாதிரி பரப்பி, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பெயர் எழுதினார். டால்மியின் பெட்டி கடைக்கோடியில், கோல் கம்பத்துக்கு முன்னால் இருந்தது. "எல்லாரும் பந்தப் பாப்பாங்க. நீ மட்டும் மைதானத்தப் பாரு" என்றார்.

அதுவரை டாராபின்காரர்கள் பந்து போகும் பக்கமெல்லாம் மந்தையாக ஓடியவர்கள். இந்த மனிதர் வந்த இரண்டாவது வருடத்திலேயே, தலையைத் தூக்காமல் உதைத்தாலும் அங்கே நம் ஆள் ஒருவன் நிற்பான் என்று ஆகிப்போனது. டால்மி வாயை மூடிக்கொண்டான். மூன்றாவது வருடம், யாராவது க்ளாரியைக் கிண்டல் செய்தால் சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தான்.

1912இல் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். எதிரில் மெரிகல் ஊர் அணி. டாராபின் அதுவரை ஒரு வெற்றிக் கொடிகூட வென்றதில்லை. க்ளாரியும்தான். முட்டி இனி ஒரு பருவம் தாங்காது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். கிடைத்தால் இன்று, இல்லையென்றால் எப்போதும் இல்லை.

அன்று பார்த்து அணியில் ஆடும் மிக் டன்ஃபியின் பசு ஈனும்போது கன்று குறுக்கே சிக்கிக்கொண்டது. பதினேழு பேரோடு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். கால்வாசி ஆட்டம் முடிந்தும் டன்ஃபியைக் காணாததால், தபாலாபீஸ் குமாஸ்தா ஹொரஸ் பைலுக்குச் சட்டையை மாட்டி இறக்கினார் க்ளாரி.

பால் கறக்கிற ஊரில் ஆட்டத்துக்குத் தாமதமாக வருவது ஒரு குற்றமில்லை. வந்தவன் வேலி தாண்டித் தன் இடத்துக்கு ஓடவேண்டியதுதான், யாரையும் கேட்பதில்லை. டன்ஃபியும் மூன்றாவது கால்பகுதியில் அப்படித்தான் ஓடிவந்தான். தனக்குப் பதில் ஆள் இறங்கியது அவனுக்குத் தெரியாது. சேற்றில் எல்லாச் சட்டையும் ஒரே நிறம். வந்த வேகத்தில் ஆறு புள்ளிக்கு ஒரு கோலும் போட்டான். டாராபின் நாற்பத்து நாலு, மெரிகல் முப்பத்தொன்று.

அப்போது பந்து ஓடைக்குள் விழுந்தது. எடுத்துவரப் போனார்கள். பழகிய பழக்கத்தில் டால்மி மைதானத்தைப் பார்த்தான். பெட்டி பெட்டியாக எண்ணினான். மறுபடி எண்ணினான்.

ஓடிப்போய் க்ளாரியின் காதோடு சொன்னான்: "கேப்டன், நாம பத்தொம்போது பேரு. ஹொரஸ் பைல நொண்டிக்கிட்டே வெளிய போகச் சொல்லுங்க. மெரிகல்காரன் ஒருத்தனும் பாக்கல."

க்ளாரி நின்ற இடத்திலிருந்தே எண்ணினார். ஒரு ஆள் கூடுதலாக இருப்பது தெரிந்தால் அந்த அணி அதுவரை எடுத்த புள்ளி அத்தனையும் அழியும். ஆனால் எண்ணச் சொல்லிக் கேட்கும் உரிமை எதிரணித் தலைவனுக்கு மட்டுமே உண்டு. அவன் கேட்காவிட்டால் ஒரு புள்ளியும் அழியாது.

"நீ பாத்துட்டியே" என்றார். "நானும் பாத்துட்டேன்."

நேராக மெரிகல் தலைவன் க்ராட்டியிடம் நடந்தார். "நடுவர்கிட்ட சொல்லி எங்க ஆளுங்கள எண்ணச் சொல்லுங்க."

"என்னய்யா, இது என்ன புதுத் தந்திரம்?" என்றான் க்ராட்டி. பிறகு புள்ளிப்பலகையைப் பார்த்தான், க்ளாரியின் முகத்தைப் பார்த்தான், நடுவரைக் கூப்பிட்டான்.

இரண்டு அணியையும் வரிசையில் நிறுத்தி எண்ணி, பைலை வெளியே அனுப்பினார்கள். பலகையில் டாராபின் என்ற பெயருக்கு எதிரே பூஜ்யம் ஏறியது. வேலியோரம் சொந்த ஊர் ஜனமே க்ளாரியை வாய்க்கு வந்தபடி ஏசியது. டால்மிக்கும் அவரைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் கடைசிக் கால்பகுதியில் அவன் கண்டதை, பிறகு யார் கேட்டாலும் முழுதாகச் சொல்லத் தெரியாமல் திணறுவான். அந்த முட்டியோடு அந்த மனிதர் எங்கும் இருந்தார். விழுந்தார், எழுந்தார், மூன்று பேர் தோளுக்கு மேல் எழும்பிப் பந்தைப் பிடித்தார். ஒவ்வொரு தடவை தரையில் இறங்கும்போதும் அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கடைக்கோடியில் நின்ற டால்மிக்கே கேட்டது. ஒரு கோல், இரண்டு, ஐந்து; கூடவே குறி தவறிய ஓர் உதைக்கு ஒரு புள்ளி. மெரிகலால் தட்டுத்தடுமாறி ஐந்து புள்ளிதான் சேர்க்க முடிந்தது. மெரிகல் முப்பத்தாறு, டாராபின் முப்பத்தொன்று. கடைசி நிமிடத்தில் பந்து க்ளாரி கையில். நல்ல காலில் ஊன்றி, கெட்ட காலால் உதைத்தார். ஒரு கோல் விழுந்தால் ஆறு புள்ளி, கொடி.

பந்து கம்பத்தில் பட்டது. கம்பத்தில் பட்டால் ஒரே ஒரு புள்ளி. ஆட்டம் முடியும் மணியை அடித்துவிட்டார்கள்.

உடை மாற்றும் கொட்டகையில் டன்ஃபி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். "கன்னு பொழச்சுதா?" என்று க்ளாரி கேட்டார். பிழைத்தது என்று அவன் தலையாட்டினான். "அது போதும்" என்றார்.

குனிந்து பூட்ஸைக் கழற்றப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை. இனி ஒருநாளும் அவர் ஆடப்போவதில்லை என்பது எல்லோருக்கும் அப்போதே புரிந்துவிட்டது. டால்மி எழுந்து வந்து அவர் முன்னால் சேறு படிந்த தரையில் மண்டியிட்டான். நனைந்து இறுகியிருந்த பூட்ஸ் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். வலிக்காமல் கழற்ற வேண்டுமே என்று, பிறந்த கன்றைப் பிடிப்பதுபோல் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டான்.