ஆறு மணி பஸ்ஸும் மூன்று மாத ஒலிப்பதிவும்

ஒலிபரப்பான நிகழ்ச்சியின் பதிவை மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சமுதாய வானொலிகளுக்கான விதி இது. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்கத்தானே இப்படி ஒரு விதி? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் திண்டுக்கல் பக்கத்து வானொலி ஒரு கல்லூரியின் ஸ்டோர் ரூமில் பிறந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை. மைக் ஆன் என்றால் ஃபேன் ஆஃப். சாணார்பட்டியைத் தாண்டினால் வெறும் இரைச்சல். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. ஆகவே பூச்சந்தை விலை, கரன்ட் கட், காணாமல்போன ஆடு எல்லாமே ‘தகவல்’. ஆடு கிடைத்துவிட்டால் அதுவும் தகவல்.

பிறகு பேச்சு சேர்ந்தது. திங்கட்கிழமை காலை ஓர் அதிகாரியோ டாக்டரோ வந்து உட்காருவார். நேயர்கள் போன் போட்டுக் கேட்கலாம்.

மார்ச் மூன்றாம் தேதி வந்தவர் ஒரு போக்குவரத்து அதிகாரி. லைனில் பாண்டியம்மா. எங்கள் ஊர்க்காரர், அரை ஏக்கரில் மல்லிப்பூ போட்டிருப்பவர். காலை ஆறு மணி பஸ் எங்கள் ஊர் ஸ்டாப்பில் நிற்பதில்லை. அடுத்த பஸ் எட்டே முக்காலுக்கு. அதில் போனால் சந்தையில் வியாபாரிகள் வாங்கி முடித்திருப்பார்கள். மல்லிக்கு மிச்சமிருக்கும் ஆள் கேட்ட விலைதான். வீட்டில் வேறு வருமானம் இல்லை.

“அடுத்த திங்கள்லருந்து நிக்கும்மா” என்றார் அதிகாரி.

ஊரே கேட்டது. பஸ் மட்டும் கேட்கவில்லை போல... நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பாண்டியம்மா நேரில் போய் விசாரித்தபோது, நான் அப்படிச் சொல்லவில்லை, பரிசீலிப்பதாகத்தான் சொன்னேன் என்றாராம் அதிகாரி.

பாண்டியம்மா என்னிடம் வந்தார். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் நான், விடுவேனா? ஒலிப்பதிவின் நகல் கேட்டு, விதியைச் சுட்டிக்காட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து நேரிலும் போனேன். அறிவிப்பாளர் பெண் மரியாதையாக ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். பெயர், ஊர், கேள்வி என்று கட்டம் போட்டிருந்தது. பாண்டியம்மா பெயர் இருந்தது, ஊர் இருந்தது, கேள்வியும் இருந்தது. பதில்? அதற்குக் கட்டமே இல்லை.

பதிவு கம்ப்யூட்டரில் இருக்கிறது, இயக்குநர் கையெழுத்துப் போட்டால் கொடுத்துவிடலாம் என்றார். இயக்குநர்? கல்லூரி வேலையாக வெளியூர். நினைவூட்டுக் கடிதம் ஒன்று அனுப்பினேன். பிறகு இரண்டு.

பாண்டியம்மாவுக்கு நினைவூட்டுக் கடிதமெல்லாம் தெரியாது. ஒவ்வொரு திங்களும் போன் போட்டார், வந்திருப்பது யார் என்று பார்க்காமல். தென்னை நோய் பற்றிப் பேச வந்தவரிடம் பஸ்ஸைக் கேட்டார். பல் டாக்டர் வந்த வாரம், “பல்லெல்லாம் நல்லாருக்கு சார். ஆறு மணி பஸ்ஸுதான் நிக்க மாட்டேங்குது” என்றார். டாக்டர் சிரித்துவிட்டார், எங்கள் தெருவும் சிரித்தது. அதற்குப் பிறகு அறிவிப்பாளரே முதல் கேள்வியாக, “பாண்டியம்மாக்கா, பஸ் நின்னுச்சா?” என்று ஆரம்பித்தார். நிகழ்ச்சிக்கே அது முகப்பு மாதிரி ஆகிவிட்டது.

சித்திரை பிறந்த வாரம் பஸ் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “ரேடியோக்காரம்மா, ஏறுங்க சீக்கிரம். என் பேரையும் சொல்லிப்புடாதீக” என்றாராம். அன்றைக்கு மல்லி முதல் ஏலத்திலேயே போயிற்று.

செய்தி சொல்ல வந்தவரிடம், ஒலிப்பதிவு இன்னும் கைக்கு வரவில்லை என்றேன்.

“இனி அது எதுக்குண்ணே? பஸ்ஸுதான் நிக்குதே.”

நாளைக்கே நிற்காவிட்டால் ஆதாரம் வேண்டாமா என்றேன்.

“நாளைக்கு நிக்கலேன்னா திங்கக்கிழமை போன் போட்டுட்டுப் போறேன்” என்று பூக்கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

நான் மனுவைத் திரும்பப் பெறவில்லை. அதற்கும் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

பதில் வந்தது. தாங்கள் கோரிய மார்ச் மூன்றாம் தேதி ஒலிப்பதிவு, மூன்று மாதக் கெடு முடிந்துவிட்டபடியால், விதிப்படி அழிக்கப்பட்டது. இயக்குநரின் கையெழுத்து தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே தேதி — ஜூன் நான்கு.