ஒப்புக்கொண்டாள் என்று சொன்ன நாள்

தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள அந்த ரப்பர் தோட்டத்தில் முத்துவீரன் அளவுக்குச் சிங்களம் பேசத் தெரிந்த தமிழர் அந்தக் காலத்தில் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். இவர் ஒரு நாள்கூட மரத்தில் கத்தி வைத்ததில்லை. இருபது வயதில் ஆபீஸ் பியோனாகச் சேர்ந்தார். கடிதம் சுமந்தார், தேநீர் ஊற்றினார், தோட்டத்தை நடத்தும் துரைக்கும் சனங்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மொழிபெயர்த்தார். பிறகு கிளாக்கராகி, அறுபதாவது வயதில் ஓய்வு பெற்றார்.

பிரியாவிடை ஆபீஸ் முற்றத்தில் நடந்தது. கேக், வாழைப்பழம், பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம். புதிய துரை சின்ன வயதுக்காரர், தமிழ் தெரியாது. "உங்கள் வேலையில் ரொம்பப் பெருமைப்பட்ட நாள் எது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

முத்துவீரன் யோசிக்கவே இல்லை. அந்தக் கதையைக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் தமிழில் சொல்லும்போது, பழைய துரை தன்னை உட்காரச் சொன்ன இடத்தில்தான் தொடங்குவார். இன்று சிங்களத்தில், முதலிலிருந்தே சொன்னார்.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு களவு விசாரணை. மூக்காயி என்ற விதவையின் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பரா அறையில், சிரட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் ஒரு சாக்கு அகப்பட்டது. அவளுக்குச் சிங்களம் வராது. துரைக்குக் கொழும்பு போகும் அவசரம். அவள் நீட்டி நீட்டிப் பேசினாள். முத்துவீரன் ஒரே வாக்கியத்தில் முடித்துக் கொடுத்தார்.

"அரகத்தா கியலா எயா பிளிகத்தா, சேர்." எடுத்ததாக ஒப்புக்கொண்டாள்.

"பத்து நிமிஷம்!" என்று முத்துவீரன் விரலை உயர்த்திக் காட்டினார். "மற்றவர்கள் அரை நாள் இழுப்பார்கள் என்று சொல்லி, அந்தத் துரை தன் முன்னாலேயே எனக்குக் கதிரை போட்டு உட்கார வைத்தார். அடுத்த மாதம் நான் கிளாக்கர்."

கைதட்டினார்கள். பெயரைச் சொல்லாமல் 'ஒரு பொம்பளை' என்றே சொன்னதால் பாதகமில்லை என்று அவர் நினைத்தார். பெண்கள் வரிசையில் மூக்காயி உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்துத்தான் இருந்தார். அவளுக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியம்.

ஆனால் வேலை போய், ஒரு வாரத்தில் காம்பராவும் போன பிறகு மூக்காயி அவிசாவளையில் ஒரு சிங்கள வீட்டில் பத்தொன்பது வருஷம் துணி துவைத்தாள். மூத்த பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தி இன்னொரு வீட்டு வேலைக்கு அனுப்பினாள். திட்டு வாங்கி வாங்கியே சிங்களம் கற்றுக்கொண்டாள். தோட்டத்துக்குத் திரும்பி, தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டு புல் வெட்டப் போகத் தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது.

அவள் எழுந்து மேசையருகே வந்தாள்.

"கிளாக்கரையா, ஸ்டோரு பூட்டிக் கெடந்துச்சு, வீட்டுல வச்சுக் காலையில கொண்டான்னு கங்காணிதான் சொன்னாருன்னு சொன்னேனே. அவரு வாசல்லதான் நிக்கிறாரு, கூப்பிட்டுக் கேளுங்கன்னு கும்பிட்டேனே. அத நீங்க தொரகிட்ட சொல்லவே இல்லியா?"

ஒவ்வொரு சொல்லும் முத்துவீரனுக்கு ஞாபகம் இருந்தது.

"பழசெல்லாம் இப்ப எதுக்கு மூக்காயி? போயி ஒக்காரு."

"இந்த அம்மா என்ன சொல்கிறார்?" என்று துரை கேட்டார்.

"சுப பதனவா, சேர்." வாழ்த்துச் சொல்கிறாள்.

"இல்லை" என்றாள் மூக்காயி, சிங்களத்தில். பிறகு நடந்ததையெல்லாம் அதே மொழியில், தடங்கலில்லாமல், துரையிடம் சொன்னாள். முத்துவீரன் கேக் வெட்டும் கத்தியைப் பிடித்தபடி நின்றார்.

துரை கடைசிவரை கேட்டார். "அந்தக் கங்காணி எங்கே?"

"இறந்துவிட்டார், சேர்" என்று யாரோ சிங்களத்தில் சொன்னார்கள்.

"பாவம்தான். ஆனால் அது என் காலத்துக்கு முந்தினது. இப்போது என்ன செய்ய முடியும்?" துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கேக்கை வெட்டுங்கள்."

முத்துவீரன் வெட்டினார். வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தார், வந்தது ஆறுதல்தான். முதல் துண்டைத் துரைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவதை ஒரு தட்டில் வைத்து மூக்காயியிடம் நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால்.

அவள் தட்டைத் தொடவில்லை.

"ரெண்டு புள்ளைகளையும் வச்சுக்கிட்டு, தெனமும் அந்தத் தொரயத்தான் மண்ணள்ளித் தூத்தி சபிச்சேன். கல்லு நெஞ்சுக்காரன்னு. அந்த மனுசன் காதுல நான் சொன்னது விழவே இல்ல."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் லயத்துப் பக்கம் இறங்கினாள். பின்னால் போக யாரும் எழுந்திருக்கவில்லை. தேநீர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. முத்துவீரன் அந்தத் துண்டைத் தானே தின்றுவிட்டு, நன்றியுரையைத் தொடங்கினார்.