குதிரை ரத்தத்தின் மஞ்சள்

பக்கத்து வீட்டில் யாரோ தையல் மிஷினை ஓட்டிவிட்டுக் காலை எடுக்கிறார்கள். சக்கரம் தானாகச் சுற்றி, முனகி, ஓய்கிறது. அந்த முனகலைக் கேட்டால் எனக்குத் தோள் வலிக்கும். கொடைக்கானல் ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் ரத்தம் ஊற்றிய கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் யந்திரம் கையால் சுற்றுவது. கைப்பிடியை விட்டதும் இப்படித்தான் முனகும். பிறகு பார்த்தால் சிவப்பு அடியில் படிந்திருக்கும். மேலே தெளிந்த நீர், வெளிறிய வைக்கோல் நிறத்தில். அது மஞ்சளாக நின்றால் காமாலை. அறுபதுகளின் நடுவில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மனித ரத்தம்.

பொங்கல் முடிந்த வாரம் கால்நடை மருத்துவர் ஒரு சீசாவோடு வந்தார். மலையில் ரத்தம் பார்க்க அவருக்கு வேறு இடம் கிடையாது. கூடவே பேத்துப்பாறைக்காரர் ஒருவர். அவருடைய பொதிக்குதிரை மூட்டைகளோடு ஏற்றம் ஏறும்போது வேர்த்துக் கொட்டி, பின்னங்கால்கள் விறைத்து, வளைவு ஒன்றில் நின்றுவிட்டதாம். மூத்திரம் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி போயிற்றாம். தம்பியைக் காவல் வைத்துவிட்டு வந்திருந்தார். ஆரஞ்சும் பீன்ஸும் சுமந்து அந்த வீட்டுக்குச் சோறு போட்டது அந்த ஒரே குதிரை.

“உண்ணிச்செடியைத் தின்னு ஈரல் போயிருக்கும்னு தோணுதும்மா,” என்றார் மருத்துவர். “ஈரல்தான்னா துடிக்க விடவேண்டாம், ஊசி போட்டு முடிச்சிடலாம்னு இவர்கிட்டச் சொல்லியிருக்கேன்.”

பேத்துப்பாறைக்காரர் என்னைப் பார்த்தார். “வெரசாப் பாருங்க சிஸ்டரம்மா. ஆனா அவசரப்படாமப் பாருங்க.”

சுற்றினேன். மேலே நின்றது மஞ்சள் கரைத்த நீர். அடுத்து எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி. உள்ளே எதுவோ உடைந்தால் அது ரத்தத்தில் கசியும். மருந்து சேர்த்தால் பழுப்பு நிறம் காட்டும். குழாயில் பழுப்பு ஏறிக்கொண்டே போனது. சுவரில் தொங்கிய அட்டவணைக்குள் அது அடங்கவில்லை.

“காமாலைதான் சார். ஈரலும் கெட்டிருக்கு.”

மருத்துவர் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

“இந்த மஞ்சள் எவ்வளவு இருக்கலாம்?”

“இவ்வளவு இருக்கவே கூடாது சார்.”

“மனுஷனுக்கு. குதிரைக்கு?”

எனக்குத் தெரியாது. “நானும் படிச்சேன், பரீட்சையோட போச்சு,” என்றார் அவர். “நல்ல குதிரை ஒண்ணோட ரத்தம் வேணும்.”

ஏரிக்கரையில் சவாரிக்குக் குதிரை விடும் பாயிடம் மூவரும் போனோம்.

“நல்லாயிருக்கிற குதிரைய எதுக்குங்க குத்துறீங்க?” என்றார் பாய்.

“ஒரு ஊசி ரத்தம்தான் பாய்,” என்றார் பேத்துப்பாறைக்காரர். “ஒங்க குதிரை சொமையா தூக்குது? தின்னு தின்னு ரத்தமாத்தான் கெடக்கு.”

“சொமை தூக்கலையா? வெள்ளிக்கிழமை ஏறுன அம்மாவ நீ பாக்கல.”

குதிரையின் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, நடந்ததைக் கேட்டுக்கொண்டே பாயும் எங்களோடு வந்தார். சுற்றி நிறுத்தினேன். அதே மஞ்சள், வித்தியாசம் சொல்ல முடியாதபடி. நொதியும் எங்கள் அட்டவணையைத் தாண்டித்தான் நின்றது.

“அப்ப எங்குதிரைக்கும் ஊசிதானா?” என்றார் பாய்.

மருத்துவர் சிரித்தார். மஞ்சள் குதிரையின் சொந்த நிறம். நாங்கள்தான் மனிதக் கோலை வைத்துக் குதிரையை அளந்திருந்தோம். ஆனால் பொதிக்குதிரையின் பழுப்பு மட்டும் பாயின் குதிரையைவிடப் பல மடங்கு அடர்த்தி. உள்ளே உடைந்திருப்பது நிஜம். எங்கே உடைந்தது என்று அந்த நொதி சொல்லாது. அது ஈரலிலும் இருக்கிறது, தசையிலும் இருக்கிறது.

“ஈரல் போயிருந்தா மஞ்சளும் சேர்ந்து ஏறியிருக்கணும். ஏறலை,” என்ற மருத்துவர் பேத்துப்பாறைக்காரர் பக்கம் திரும்பினார். “பொங்கலுக்கு என்ன போட்டீங்க அதுக்கு?”

“வருசம் பூரா சொமக்குற சீவனுங்க. குளிப்பாட்டி, பொட்டு வச்சு, கொள்ளு அவிச்சு வயிறு முட்ட வச்சோம். பொங்கல் முடியிற வரைக்கும் கட்ட அவுக்கவே இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன, வெள்ளனே எந்திரிச்சு மூட்டைய ஏத்துனேன்.”

மருத்துவர் பெட்டியை மூடினார். சும்மா நின்று கொள்ளு தின்ற உடம்பில் திடீரென்று சுமை ஏறியிருக்கிறது. தொடைத் தசை உடைந்து, அதன் சாயம்தான் மூத்திரத்தில் இறங்கியிருக்கிறது. நடத்தக் கூடாது, போர்வை, தண்ணீர், வெறும் புல் என்று சொல்லி அவரை அழைத்துக்கொண்டு வளைவுக்குப் போனார்.

குதிரை அந்த வளைவிலேயே சாக்குக் கூரைக்கடியில் கிடந்து தேறியது. அடுத்தடுத்து வந்த சீசாக்களில் பழுப்பு இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கு வேறொன்றும் பார்க்கப் பிடிக்கவில்லை. மனிதர்களின் குழாய்களை அவசரமாக முடித்துவிட்டு அந்தக் குழாய்க்கு வந்துவிடுவேன். கடைசித் தடவை பேத்துப்பாறைக்காரர் குதிரையையே ஆஸ்பத்திரி வாசல் வரை நடத்தி வந்தார். பழுப்பு பாயின் குதிரையளவுக்கு வந்துவிட்டது என்றேன். தலையாட்டிவிட்டுக் கயிற்றைக் கையில் சுருட்டினார்.

“சோலி இல்லாத நாள்ல கொள்ளு வைக்காதீங்க,” என்றேன்.

“சோலி இல்லாத நாள்ல எம்பொண்டாட்டி எனக்கே வைக்கிறதில்லீங்க,” என்றார்.