தள்ளித் தள்ளிப் போன வழி

வீட்டுக்கும் எதிரே இருந்த தையல் கடைக்கும் நடுவில் அறுபது அடி. ஊர் ஊராக இருந்தவரை தையல்காரம்மாவுக்கு அது ஒரு தூரமே இல்லை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவர் ஜன்னல் கம்பியில் டம்ளரால் தட்டினால் போதும். கத்திரியை வைத்துவிட்டு ஓடி வந்து, அவரைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, தையல் மிஷின் சூடு ஆறுவதற்குள் திரும்பிவிடுவார்.

பிறகு நகரம் ஊரைத் தேடி வந்தது. சந்தை மைதானத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. தெரு, நான்கு வழிச்சாலை ஆனது. நடுவே இடுப்புயரத்துக்குச் சுவர் கட்டுமுன் பொறியாளர், "கடக்கறதுக்கு எங்க வழி விடலாம்?" என்று தெருக்காரர்களையே கேட்டார். வழி விட்ட இடத்தில் பஸ் நிற்கும், கூட்டம் மொய்க்கும்.

"எங்க வாசல்ல வேணாம் சார்" என்றார் மளிகைக்காரர். பல் டாக்டரும் கையெடுத்துக் கும்பிட்டார். தையல்காரம்மாவும் சும்மா இருக்கவில்லை. "வீட்ல நோயாளி இருக்காருங்க. கொஞ்சம் தள்ளி விடுங்க." ஆளாளுக்குத் தள்ளியதில் வழி, ஊர் எல்லை பெட்ரோல் பங்க்கில் போய் நின்றது.

தையல்காரம்மா சுவரேறிக் குதிக்க ஆரம்பித்தார்.

"என்னக்கா, இந்த வயசுல ஹை ஜம்ப்பா?" என்று மளிகைக்காரர் சிரித்தார்.

"உங்க வாசல்ல வழி விட்டிருந்தா நான் ஏன் குதிக்கிறேன்?"

"நீங்க மட்டும் விட்டீங்களாக்கா?"

அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரேறினார்.

போன மாதம் சுவர்மேல் கம்பிவேலி ஏறியது. செவ்வாய்க்கிழமை மதியம், லாரி இரைச்சலில் டம்ளர் சத்தம் கேட்கவில்லை. ஜன்னலில் டம்ளர் அசைவது மட்டும் தெரிந்தது. பதறிப்போய் ஷேர் ஆட்டோவில் ஏறி, பங்க் வரை போய்ச் சுற்றி வந்தார். கணவர் கட்டிலுக்குக் கீழே கிடந்தார்.

"பயந்துட்டீங்களா?"

"நீ கிளம்புனதைப் பாத்தேன். என்கிட்ட வர்றேன்னு அந்தப் பக்கமாவே போயிட்டிருந்தே."

அவரைத் துடைத்துத் தூக்கி உட்காரவைத்ததும் தையல்காரம்மா சொன்னார்: "கடையைக் காலி பண்ணிடறேன்."

"அப்ப நீயும் என்னோட இந்த ரூமுக்குள்ளதானா?"

"மிஷினும் வருது."

"அப்பாடா, பேச்சுத்துணைக்கு ஆளாச்சு" என்றார் அவர்.

துணி கொண்டுவரும் பெண்கள் எல்லோரும் எதிர்ப்பக்கத்துக்காரர்கள். யாரும் சுற்றிக்கொண்டு வரமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

நாளை காலை மினி லாரியில் மிஷின் வருகிறது. அறுபது அடி கடக்க, அதுவும் பெட்ரோல் பங்க் வரை போய்த்தான் திரும்ப வேண்டும்.